28 வயதில் மலத்தோடு இரத்தம்: பொறுத்துப் பார்ப்பதா, காசு கட்டித் தனியாரில் டொக்டரை சனல் பண்ணுவதா, பெரியாஸ்பத்திரிக்குப் போவதா?

முதல் தடவை இரத்தத்தைப் பார்த்தபோது முந்தின நாள் பீட்ரூட் சாப்பிட்டதுதான் காரணம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டாம் தடவை கறியில் மிளகாய் கூடிவிட்டது என்றேன். அதற்குப் பிறகு சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை. மூன்று மாதமாக விட்டு விட்டு வந்துகொண்டே இருந்தது, கூடவே காலையில் ஒரு தடவை போகிற பழக்கம் மாறி மூன்று நான்கு தடவை போக வேண்டி வந்தது, போய் வந்த பிறகும் இன்னும் மிச்சம் இருக்கிற மாதிரியே ஒரு உணர்வு. எனக்கு 28 வயது. இலங்கை மலையகத்தில் தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். கரும்பலகையில் கணக்கு எழுதிக்கொண்டிருக்கும்போதே மனசுக்குள் கேன்சராக இருக்குமோ என்று ஓடும். ராத்திரி எல்லோரும் தூங்கின பிறகு போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு தேடுவேன், தேடித் தேடிப் பயம்தான் கூடியது.

மலையகத்தில் இருந்துகொண்டு இந்த நிலைமையில் மாட்டிக்கொள்கிற ஒருவருக்கு முன்னால் ஐந்தாறு வழி இருக்கிறது. எல்லாவற்றையும் நான் யோசித்தேன், பாதியைச் செய்தும் பார்த்தேன். ஒவ்வொன்றும் எதற்கு உதவும், எங்கே ஏமாற்றும் என்று எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். நான் டொக்டர் இல்லை. ஆனால் இந்தப் பேச்சை நம் பக்கத்தில் யாரும் வாய் திறந்து பேசுவதில்லை, அதுதான் எழுத வைத்தது.

முதலில் ஒன்று. இரத்தம் நிற்காமல் கொட்டுகிறது, எழுந்தால் தலை சுற்றிக் கண் இருட்டுகிறது, மலம் தார் மாதிரி கறுத்து நாறுகிறது, அல்லது வயிறு கல்லாக வீங்கி, வாந்தியும் வந்து, காற்றுக்கூடப் போகவில்லை என்றால் எதையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டாம். 1990க்கு போன் அடியுங்கள். சுவசெரிய அம்புலன்ஸுக்குக் காசு இல்லை. (இரும்புச்சத்து மாத்திரை குடித்தாலும் மலம் கறுக்கும், அதையும் மனதில் வையுங்கள்.)

சரி, இந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறதா? இருக்கிறது, ஆனால் ராத்திரி போனில் தெரிகிற அளவுக்கு இல்லை. ஹொலிவூட் நடிகர் சாட்விக் போஸ்மன் 2020 ஆகஸ்டில் குடல் புற்றுநோயில் இறந்தபோது அவருக்கு வயது 43, நோய் தெரிய வந்தது 2016இல், அப்போதே மூன்றாம் கட்டம். அமெரிக்காவில் 2017இல் வந்த ஓர் ஆய்வு, 1950 அளவில் பிறந்தவர்கள் இளவயதில் இருந்தபோது இருந்த அபாயத்தோடு ஒப்பிட்டால் 1990 அளவில் பிறந்தவர்களுக்குப் பெருங்குடல் புற்றுநோய் வரும் அபாயம் 2 மடங்கு, மலக்குடல் புற்றுநோய் அபாயம் 4 மடங்கு என்று சொன்னது. அங்கே அறிகுறி எதுவும் இல்லாதவர்களும் சோதித்துக்கொள்ளத் தொடங்க வேண்டிய வயதை 2021இல் 50இலிருந்து 45ஆகக் குறைத்தார்கள். இலங்கையிலும் ஆண், பெண் இரு பாலாரிடமும் அதிகம் காணப்படும் புற்றுநோய்களில் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் ஒன்று. இவ்வளவும் உண்மை. ஆனால் மிகச் சின்ன எண்ணிக்கை 4 மடங்கானாலும் அது சின்ன எண்ணிக்கைதான். இருபதுகளில் இருக்கிற ஒருவருக்கு மலத்தோடு இரத்தம் வந்தால் அது மூலமாகவோ, ஆசனவாய் வெடிப்பாகவோ, தொற்றாகவோ, குடல் அழற்சியாகவோ இருக்கத்தான் வாய்ப்பு மிக அதிகம். இந்த இரண்டு உண்மையையும் ஒன்றாக மனதில் வைத்திருப்பதுதான் கஷ்டம். ஒன்றைப் பிடித்தால் மற்றது கை நழுவுகிறது, ஒரு நாள் சாகப்போகிறேன் என்று அழுவேன், மறுநாள் ஒன்றுமே இல்லை என்று கிளினிக் போகாமல் விடுவேன்.

எதைப் பார்த்துப் பயப்பட வேண்டும் என்பதற்கு எனக்குக் கிடைத்த நல்ல அளவுகோல் 2023இல் வந்த ஓர் ஆய்வு. 50 வயதுக்குள் இந்தப் புற்றுநோய் வந்தவர்களின் பழைய பதிவுகளைப் புரட்டி, நோய் தெரிய வருவதற்கு 3 மாதம் முதல் 2 வருடம் வரை முன்னால் என்னென்ன இருந்தது என்று பார்த்திருக்கிறார்கள். நான்கு விஷயம் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது: மலத்தோடு இரத்தம், வயிற்று வலி, நீடித்த வயிற்றோட்டம், இரும்புச்சத்துக் குறைவால் வரும் இரத்தசோகை. ஒன்று இருப்பதைவிட இரண்டு மூன்று சேர்ந்திருப்பது கூடுதல் கவனத்துக்குரியது. தூக்கத்திலிருந்து எழுப்புகிற வயிற்றோட்டம், காரணமில்லாமல் எடை குறைவது இவையும் சும்மா விடக்கூடாத அடையாளங்கள்.

இனி வழிகள். முதல் வழி எல்லோரும் செய்வது, வீட்டில் வைத்துப் பார்ப்பது. அம்மாவிடம் சொன்னவுடனே "உடம்பு சூடு பிள்ளே, மூலச்சூடு" என்று வெந்தயத்தை ஊறப்போட்டுவிட்டார். வெந்தயத்தில் தப்பில்லை, நார்ச்சத்து, தண்ணீர், முக்கிக்கொண்டு உட்காராமல் இருப்பது, டொய்லட்டுக்கு போனைக் கொண்டுபோகாமல் இருப்பது எல்லாம் மூலத்துக்கு உண்மையிலேயே உதவும். இறுகின மலம் போய் ஒரு நாள் வலித்துச் சிவப்பாகக் கொஞ்சம் பட்டது, வேறு எந்த மாற்றமும் இல்லை என்றால் இரண்டு வாரம் இப்படிப் பார்க்கலாம் என்பதே என் அபிப்பிராயம். ஆனால் அந்த இரண்டு வாரத்தைக் கலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். நான் போடவில்லை. நம் ஊரில் இந்த வழி ஆளை விழுத்துவது மருந்தினால் இல்லை, நாள் கணக்கு இல்லாததால். தைப்பொங்கல் போகட்டும், பரீட்சை முடியட்டும், மழை விடட்டும் என்று தள்ளித் தள்ளி மூன்று மாதம் ஓடிவிட்டது. நாட்டு மருந்துக்கும் இதே கணக்குத்தான், என்ன வருத்தம் என்று பார்த்துச் சொல்ல ஒருவர் இல்லாமல் குடிக்கிற எதுவும் நாளைத்தான் கடத்தும்.

பார்மசிக்காரரிடம் கேட்டு வாங்குவது இதிலும் மோசம் என்பேன். மூலத்துக்குக் களிம்பு கொடுப்பார், வயிற்றோட்டம் என்றால் மெட்ரோனிடசோல் கொடுப்பார், வலி என்றால் வலி மாத்திரை. வலி மாத்திரைகளில் டைக்ளோபெனக், இபுபுரோபென் வகை குடலைப் புண்ணாக்கி இரத்தம் வரவைக்கவும் கூடும் என்பது பலருக்குத் தெரியாது. அம்மாக்கள் முதுகு வலிக்கு வைத்திருக்கிற மாத்திரையை எடுத்துப் போடுகிற வீடுகளில் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

தோட்டத்து டிஸ்பென்சரி பக்கத்தில் இருக்கிறது, அது பெரிய விஷயம். அங்கே இருப்பவர் பெரும்பாலும் தோட்ட வைத்திய உதவியாளர், நாம் டொக்டர் ஐயா என்று கூப்பிட்டாலும் அவரால் செய்யக்கூடியதற்கு எல்லை உண்டு. அவரிடம் கேட்க வேண்டியது மருந்தை இல்லை, பெரியாஸ்பத்திரிக்கு ஒரு கடிதம். அதைத் தருகிறவராக இருந்தால் முதல் படிக்கு அது போதும். எனக்கு ஒரு தயக்கம் இருந்தது, சொல்லிவிடுகிறேன்: லயத்து வரிசை வீடுகளில் ஒரு வீட்டு விஷயம் அடுத்த வீட்டுக்குப் போக ஒரு நாள் ஆகாது, கல்யாணம் ஆகாத பிள்ளைக்கு "அங்கே" வருத்தம் என்று பேசுவார்களே என்று பயந்தேன். அந்தப் பயத்துக்காகவே பலர் நேரே டவுனுக்குப் போகிறார்கள். போகட்டும், போவதுதான் முக்கியம்.

டவுனுக்குப் போனவுடன் வருகிற ஆசை, டொக்டரைப் பார்க்காமலே லேபில் டெஸ்ட் எடுத்துவிடலாம் என்பது. நானும் செய்தேன். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சம்பளத்தில் பாதி இங்கேதான் போகும். கேன்சர் மார்க்கர் என்று சொல்லி சி.இ.ஏ. என்று ஓர் இரத்தப் பரிசோதனை இருக்கிறது. நோய் உறுதியானவர்களுக்கு சிகிச்சை எப்படிப் போகிறது என்று தொடர்ந்து பார்க்க உதவுவது அது. நோய் இருக்கிறதா இல்லையா என்று கண்டுபிடிக்க அது சரிவராது: ஆரம்பக் கட்டத்தில் பலருக்குச் சாதாரணமாகவே இருக்கும், சிகரெட் குடிப்பவர்களுக்குப் புற்றுநோய் இல்லாமலும் கூடும். அது நல்லபடி வந்தது என்று நிம்மதியாக இருப்பதும், கொஞ்சம் கூடிவிட்டது என்று உடைந்து போவதும் இரண்டுமே வீண். வயிற்று ஸ்கேனும் அப்படித்தான். "ஸ்கேன் எடுத்தேன், ஒன்றுமில்லை" என்று நிம்மதியாக இருக்கிற எத்தனையோ பேரை எனக்குத் தெரியும். அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் கல்லீரல், பித்தப்பை, சிறுநீரகம், கர்ப்பப்பை பார்க்க நல்லது, குடலுக்குள்ளே இருக்கிற ஒரு சின்னக் கட்டியையோ புண்ணையோ இல்லை என்று அடித்துச் சொல்ல அதனால் முடியாது.

அப்படியென்றால் எதற்குக் காசு கொடுக்கலாம்? முழு இரத்த எண்ணிக்கை, அதோடு உடம்பில் சேர்ந்திருக்கிற இரும்புச்சத்தைக் காட்டுகிற பெரிட்டின். இந்த இரண்டுக்கும் காசு கொடுத்ததற்கு நான் வருந்தவில்லை. நம் பெண்களுக்கு இரத்தம் குறைவு என்றால் மாதவிலக்கு, சாப்பாடு போதாது என்று சொல்லி இரும்பு மாத்திரையைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவது வழக்கமாகிவிட்டது. பல நேரம் அது சரியாகவும் இருக்கலாம். சாப்பாட்டோடு தேத்தண்ணீர் குடிக்கிற நம் பழக்கமும் இரும்புச்சத்து உடம்பில் சேர விடாது. கொக்கிப்புழுவும் இரத்தத்தைக் குறைக்கும், நூறு வருடத்துக்கு முன்பு தோட்டங்களில் அதை ஒழிக்கவே தனி இயக்கம் நடத்தியிருக்கிறார்கள். தலசீமியா என்கிற பரம்பரை இரத்த நோயின் மரபணுவைச் சுமப்பவர்களுக்கும் சிவப்பணு சின்னதாகத் தெரியும், ஆனால் அவர்களுக்குப் பெரிட்டின் பொதுவாகக் குறையாது. அதனால்தான் பெரிட்டின் பார்க்க வேண்டும் என்கிறேன்: இரும்புச்சத்துத்தான் குறைகிறது என்று உறுதியாகிவிட்டால், எங்கே கசிகிறது என்ற கேள்வியை யாராவது கேட்டே ஆக வேண்டும். இரத்தமும் போய்க்கொண்டு இரும்பும் குறைந்திருக்கிற ஒருவரை வெறும் மாத்திரையோடு அனுப்ப விடாதீர்கள்.

மலப் பரிசோதனையில் எஃப்.ஐ.டி. என்று ஒன்று உண்டு, மனித இரத்தத்தை மட்டும் பிடிக்கிற பரிசோதனை, அதனால் இறைச்சி, பீட்ரூட் சாப்பிட்டால் குழப்பம் வராது. பழைய முறைப் பரிசோதனைக்குச் சாப்பாட்டுக் கட்டுப்பாடு தேவை. பிரிட்டனில் இப்போது அறிகுறி உள்ளவர்களில் யாரை அவசரமாகப் பார்ப்பது என்று தீர்மானிக்க இதைத்தான் முதலில் செய்கிறார்கள், ஒரு கிராமில் 10 மைக்ரோகிராம் என்பது அங்கே எல்லைக்கோடு. பெரிய டவுன் லேபுகளில் இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கலாம். கூடினால் கேன்சர் என்று அர்த்தம் இல்லை, மூலத்துக்கும் கூடும். குறைவாக வந்தும் அறிகுறி நிற்கவில்லை என்றால் அத்தோடு விட்டுவிடவும் கூடாது. கல்ப்ரொடெக்டின் என்பது இன்னொன்று, குடலில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும். இளவயதில் நீண்ட வயிற்றோட்டம், வலி என்றால் அழற்சி நோயா, வெறும் ஐ.பி.எஸ். என்கிற குடல் எரிச்சலா என்று பிரிக்க உதவும், ஆனால் வலி மாத்திரை போட்டிருந்தால் அதுவும் கூடித் தெரியலாம். இவை இரண்டும் டொக்டர் கேட்டால் எடுக்க வேண்டியவை, நீங்களாக ஓடிப்போய் எடுக்க வேண்டியவை இல்லை.

இப்போது முக்கியமான ஒப்பீடு. சனலா, அரசாங்க ஆஸ்பத்திரியா?

சனல் பண்ணினால் சேர்ஜனையோ குடல் நோய் நிபுணரையோ நேரே பார்க்கலாம், மாலையில் பார்க்கலாம், பாடசாலைக்கோ வேலைக்கோ லீவு போட வேண்டியதில்லை. தோட்டத்தில் நாள் கூலிக்குப் போகிறவருக்கு ஒரு நாள் கிளினிக் என்றால் அன்றைக்குப் பேர் போகும், அதாவது அந்த நாள் கூலி இல்லை, அந்தக் கணக்கில் பார்த்தால் சனல் காசு அவ்வளவு பெரிதாகத் தெரியாமலும் போகலாம். குறை என்னவென்றால் ஒரு தடவையோடு முடியாது: டெஸ்ட், மறுபடி சனல், ரிப்போர்ட் காட்ட இன்னொரு சனல். நேரமும் குறைவு. நான் முதலில் போனது இப்படி ஓர் இடத்துக்குத்தான். காத்திருந்தது இரண்டரை மணித்தியாலம், உள்ளே இருந்தது நான்கு நிமிடம் இருக்கும், என்னைப் படுக்க வைத்துப் பார்க்கவே இல்லை, பைல்ஸ் என்று சொல்லிக் களிம்பு எழுதித் தந்தார். அவர் சொன்னது சரியாகவே இருந்திருக்கலாம். ஆனால் பார்க்காமல் சொன்ன சரி எனக்கு ஒரு ராத்திரித் தூக்கத்தைக்கூடத் திருப்பித் தரவில்லை.

அரசாங்க ஆஸ்பத்திரியில் எல்லாம் இலவசம், இதை நாம் சாதாரணமாக நினைத்துவிட்டோம். டிக்கோயாவில் 2017இல் இந்தியப் பிரதமர் மோடி வந்து திறந்த 150 கட்டில் ஆதார வைத்தியசாலை, நுவரெலியா, பதுளைப் பெரியாஸ்பத்திரிகள், இன்னும் கீழே போனால் கண்டி தேசிய வைத்தியசாலை, பேராதனை போதனா வைத்தியசாலை என்று ஒரு வரிசை இருக்கிறது. ஓ.பி.டி.யில் காட்டினால் சேர்ஜிக்கல் கிளினிக்குக்கு எழுதித் தருவார்கள், அங்கிருந்து தேவைப்பட்டால் குடலுக்குள் கமரா விட்டுப் பார்க்கிற கொலனோஸ்கோபி செய்கிற இடத்துக்குத் திகதி வரும். கிளினிக் கொப்பி ஒன்று கையில் வந்துவிட்டால் அடுத்த தடவை வேறு டொக்டர் இருந்தாலும் விஷயம் தொடரும். கஷ்டம் என்னவென்று நம் ஆட்களுக்கே தெரியும்: விடியற்காலை முதல் பஸ், நீண்ட வரிசை, திகதிக்கு வாரக்கணக்கில் காத்திருப்பு, 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு சில டெஸ்ட்டை வெளியே எடுத்து வரச் சொல்வது, அப்புறம் மொழி. வெட்கப்படுகிற விஷயத்தைத் தெரியாத மொழியில் சொல்வதைப் போலக் கஷ்டம் வேறு இல்லை. அதனால் பலர் சிங்களத்தில் "படே அமாருய்" (வயிற்றில் கஷ்டம்) என்று வயிற்றைத் தொட்டுக் காட்டிவிட்டு காஸ்ட்ரைட்டிஸ் மாத்திரையோடு திரும்பி வருகிறார்கள், இரத்தம் என்ற வார்த்தை வாயிலிருந்து வரவே இல்லை. இந்த ஒரு வசனத்தை மனப்பாடம் செய்துகொண்டு போங்கள்: "மலபஹ கரத்தி லே யனவா, மாச துனக் வெனவா." மலம் போகும்போது இரத்தம் போகிறது, மூன்று மாதமாகிறது. நான் துண்டில் எழுதிக் கொண்டுபோனேன், நீட்டினேன், வாசித்தவர் உடனே தலை நிமிர்ந்து பார்த்தார்.

என் முடிவு இது, உங்கள் நிலைமைக்கு மாறலாம்: அரசாங்க வழியில் முதலில் பேரைப் பதிந்துவிடுங்கள், அந்த வரிசை ஓடிக்கொண்டிருக்கட்டும். கையில் காசு இருந்தால் அதை நீளமான தனியார் பயணத்துக்குச் செலவழிக்காமல் அந்த வரிசையில் எங்கே அடைபடுகிறதோ அந்த ஓர் இடத்தைத் திறக்கச் செலவழியுங்கள். கிளினிக் திகதி தூரமாக இருந்தால் அதே ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற சேர்ஜனை மாலையில் ஒரு தடவை சனல் பண்ணிப் பாருங்கள், அவர் பார்த்துவிட்டு அவசரம் என்று நினைத்தால் தன்னுடைய கிளினிக்குக்கோ வாட்டுக்கோ வரச் சொல்லி எழுதித் தருவது நடக்கிற விஷயம்தான். கொலனோஸ்கோபியைத் தனியாரில் செய்வதாக இருந்தால் மொத்தச் செலவையும் முன்னாடியே கேளுங்கள், மயக்க மருந்து, தசை எடுத்தால் பயோப்சிக்கு எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். தங்க நகையை அடகு வைத்து அவசரப்பட்டு ஓட வேண்டிய கட்டம் பெரும்பாலும் இது இல்லை.

எங்கே போனாலும் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள், கையுறை போட்டு ஆசனவாய்க்குள் விரலால் பார்க்கிற பரிசோதனை. முடிந்தால் புரொக்டொஸ்கோப் என்கிற சின்னக் குழாய் வைத்தும். ஒரு நிமிட வேலை, செலவு இல்லை, தயாரிப்பு இல்லை, இளவயதில் வருகிற இந்தப் புற்றுநோய்களில் நிறைய மலக்குடலிலும் இடது பக்கக் குடலிலும் வருவதால் அந்த ஒரு நிமிடத்துக்குப் பெறுமதி உண்டு. பெண் பிள்ளைகள் பெண் டொக்டர் வேண்டும் என்று கேட்கலாம், இல்லாவிட்டால் நேர்ஸ் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று கேட்கலாம். அது உங்கள் உரிமை. நான் கேட்டேன், யாரும் கோபிக்கவில்லை. அந்த நேர்ஸ் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அதற்குப் பிறகுதான் கமரா. சிக்மொய்டோஸ்கோபி என்றால் குடலின் கடைசிப் பகுதியை, சுமார் 60 சென்ரிமீற்றர் வரைக்கும் பார்ப்பது, பெரும்பாலும் எனிமா போதும், மயக்கமும் அநேகமாகத் தேவைப்படாது. சிவப்பாக இரத்தம் வருகிற, வேறு அறிகுறி இல்லாத இளவயதுக்காரருக்கு டொக்டர் இதோடு நிறுத்திக்கொள்வதும் உண்டு. கொலனோஸ்கோபி முழுப் பெருங்குடலையும் பார்க்கும், சந்தேகமான இடத்தில் தசை எடுக்கலாம், பொலிப் என்கிற சின்னச் சதை வளர்ச்சி இருந்தால் அப்போதே வெட்டியும் விடலாம். இரும்புச்சத்து குறைந்திருந்தால், குடும்பத்தில் யாருக்காவது இருந்தால், எடை குறைந்தால் இதுதான் சரி. சும்மா பார்ப்பதற்கு மட்டும் செய்யும்போது குடல் துளைபடுகிற ஆபத்து ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு, இருந்தாலும் இல்லை என்று சொல்ல முடியாது, அதனால்தான் பயத்தைப் போக்க மட்டும் எல்லோருக்கும் செய்வதில்லை. சி.டி. ஸ்கேன் மூலம் குடலைப் பார்க்கிற முறையும் இருக்கிறது, அதற்கும் வயிற்றைக் கழுவத்தான் வேண்டும், கதிர்வீச்சு வேறு, எதையாவது கண்டால் மறுபடி கொலனோஸ்கோபிக்கே வர வேண்டும். இளவயதுக்கு அதில் லாபம் குறைவு.

கொலனோஸ்கோபியில் கஷ்டமே முதல் நாள் ராத்திரிதான், நம் பக்கத்து வீடுகளுக்கு இரட்டிப்புக் கஷ்டம். இரண்டு மூன்று லீற்றர் மருந்துத் தண்ணீரைக் குடித்துவிட்டு மணிக்கு நான்கு தடவை ஓட வேண்டும். நான்கு வீட்டுக்கு ஒரு டொய்லட், அதுவும் வெளியே, மழை, இருட்டு, அட்டை. காலையில் ஹட்டனிலிருந்து கண்டிக்கு மூன்று மணித்தியாலம் பஸ்ஸில் எப்படி உட்காருவது? இதை நினைத்தே திகதியை விட்டவர்கள் இருக்கிறார்கள். முதல் நாளே வாட்டில் சேர்த்துக்கொள்வீர்களா என்று கிளினிக்கிலேயே கேளுங்கள், தூரத்திலிருந்து வருகிறோம், டொய்லட் வசதி இல்லை என்று வெட்கப்படாமல் சொல்லுங்கள். முடியாது என்றால் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருக்கிற சொந்தக்காரர் வீடு. இரும்பு மாத்திரையை ஒரு வாரம் முன்னாடி நிறுத்தச் சொல்வார்கள், இரண்டு மூன்று நாளைக்குக் கீரை, விதையுள்ள காய், பழம் இல்லை, வெள்ளைச் சோறு, முட்டை, மீன் சாப்பிடலாம், கடைசி நாள் பிளேன்டீ, சீனித் தண்ணீர் மாதிரித் தெளிவான தண்ணி வகை மட்டும். முடிந்து தூக்கம் கலையாமல் இருக்கும், ஆள் துணை இல்லாமல் அனுப்ப மாட்டார்கள்.

என் பெரிட்டின் குறைவாக இருந்தது. அதனால் சேர்ஜன் முழுக் கொலனோஸ்கோபிக்கே எழுதினார், ஐந்து வாரத்தில் திகதி கிடைத்தது. அந்த ஐந்து வாரமும் ஒவ்வொரு தடவையும் டோர்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பயம் கூடக் கூட வயிறு இன்னும் கலங்கியது, குடலுக்கும் மனசுக்கும் அவ்வளவு நெருக்கம். ஒரு கொப்பியில் நாளுக்கு ஒரு வரி மட்டும் எழுதுவது என்று வைத்துக்கொண்டேன், எத்தனை தடவை, இரத்தம் உண்டா இல்லையா, வலி உண்டா இல்லையா. எழுதின பிறகு அன்றைக்கு அவ்வளவுதான், போனில் தேடுவது இல்லை. டொக்டருக்கும் அந்தக் கொப்பிதான் உதவியது. ரிப்போர்ட்டில் உள்மூலம், வேறு எதுவும் இல்லை. தசை எடுத்ததிலும் ஒன்றுமில்லை. இரும்பு மாத்திரை சாப்பிடுகிறேன், தேத்தண்ணீரை சாப்பாட்டுக்கு ஒன்றரை மணித்தியாலம் தள்ளி வைத்திருக்கிறேன், மூன்று மாதத்தில் பெரிட்டின் மறுபடி பார்க்க வேண்டும்.

ஆனால் அந்த கிளினிக்கில் ஒரு கேள்வி கேட்டார்கள், குடும்பத்தில் யாருக்காவது குடலில் புற்றுநோய் இருந்ததா என்று. இல்லை என்றேன், யோசிக்காமல். பஸ்ஸில் வரும்போதுதான் மாமா ஞாபகம் வந்தார், அம்மாவின் அண்ணன், 2009இல் இறந்தவர். 44 வயது. "வயிற்றில் கட்டி" என்றுதான் வீட்டில் சொல்வோம், யாரோ செய்வினை வைத்ததாகவும் பேச்சு. வீட்டுக்கு வந்து அத்தையின் தகரப் பெட்டியைக் கிளறினோம். கல்யாணப் படங்களுக்கும் அடையாள அட்டைக்கும் நடுவில் மாமாவின் டயக்னோசிஸ் கார்ட் மடித்தபடி இருந்தது, ஓரமெல்லாம் கிழிந்து. மலக்குடல் புற்றுநோய் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. பதினாறு வருடமாக அந்தத் தாளை நம் வீட்டில் யாரும் வாசிக்கவில்லை.

அடுத்த கிளினிக்கில் காட்டினேன். டொக்டர் வாசித்துவிட்டு, எனக்கு அது மாமா, அவ்வளவு நெருங்கின உறவு இல்லை, ஆனால் அம்மாவுக்குக் கூடப் பிறந்த அண்ணன், அதுவும் 50க்குள் வந்தது, அம்மாவுக்கு அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும் 40 வயதிலிருந்தே பார்த்திருக்க வேண்டும் என்றார். அத்தையின் பிள்ளைகளையும் பார்க்கச் சொன்னார். அம்மாவுக்கு 54. இன்னும் மலைக்குப் போய்க் கொழுந்து எடுக்கிறார்.

எனக்காக மூன்று மாதம் பயந்தேன், அம்மாவை ஒரு தடவைகூட நினைக்கவில்லை. திகதி வாங்கியாகிவிட்டது, அடுத்த மாதம் இரண்டாம் வாரம், முதல் நாள் பேராதனையில் சித்தி வீட்டில் தங்குவதாக ஏற்பாடு, அங்கே டொய்லட் உள்ளேயே இருக்கிறது. சொன்னபோது அம்மா கேட்ட முதல் கேள்வி, அந்த இரண்டு நாளும் பேர் விழாதே என்பதுதான். அந்தக் காசை நான் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். இன்னும் சரி என்று சொல்லவில்லை, ஆனால் நேற்று ராத்திரி, பிளேன்டீயில் சீனி போடலாமா என்று கேட்டார்.